பழசு என்ற கடைசிக் கட்டம்

எதைத் திறப்பதற்கு முன்பும் அவர் விரலை நாக்கில் தொட்டுக்கொள்வார். பத்திரிகை, பிளாஸ்டிக் பை, ஃப்ளாப்பியின் காகித உறை, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம், எதுவானாலும் சரி, வலது கை ஆள்காட்டி விரல்தான். தொட்ட விரலை ஒரு கணம் காற்றில் நிறுத்தி, எதிரில் இருப்பவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் பிரிப்பார். நிறுத்திய விரலில் ஈரம் மின்னும். எத்தனையோ வருடங்கள் ஓடிவிட்டன. இன்றைக்கும் கடையில் யாராவது அப்படிப் பையைப் பிரித்து நீட்டினால் நான் வாங்குவதில்லை.

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பயமும் இல்லை, மரியாதையும் இல்லை. அவர் பிறருடைய பெயர்களை உரக்கப் படித்துச் சிரித்தவர். அந்த வேலையை நானும் செய்ய வேண்டாம் என்றுதான்.

நாங்கள் அவரை அண்ணே என்று கூப்பிட்டோம். தொண்ணூறுகளின் நடுவில் நான் பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணு ஆலையின் சோதனைப் பிரிவில் டெக்னீசியனாக இருந்தேன். அவர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், கப்பல் சரக்கு அனுப்பும் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. கணினியை அவர் படித்ததில்லை, அதைக்கொண்டு சம்பாதித்ததும் இல்லை. ஆனால் பாயான் பாருவில் மூன்றாவது மாடியில் இருந்த அவர் வீட்டுப் பின்னறையில் ஒன்பது பழைய கணினிகள் இருந்தன. ஆலைகள் புதிய இயந்திரங்கள் வாங்கும்போது பழையவற்றை லாரியில் ஏற்றி இரும்புக் கடைக்கு அனுப்பிவிடும். சுங்கை பினாங் பக்கம் ஒரு கடையில் அவர் சொல்லிவைத்திருந்தார். லாரி வந்தால் அவருக்கு ஃபோன் வரும்.

இப்போது சொன்னால் யாருக்கும் அந்தக் கிறுக்கு புரியாது. யுனிக்ஸ் என்பது அந்த நாளில் பெரிய நிறுவனங்களின் விலையுயர்ந்த இயந்திரங்களில் ஓடிக்கொண்டிருந்த ஒன்று. எங்களைப் போன்றவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். அதைப் போலவே நடந்துகொள்ளும் இலவச இயங்குதளங்கள் அப்போது வரத் தொடங்கியிருந்தன. லினக்ஸ் வந்திருந்தது, ஃப்ரீ பிஎஸ்டி வந்திருந்தது, மாணவர்களுக்காக எழுதிய மினிக்ஸ் அவற்றுக்கு முன்பே இருந்தது. ஆலை குப்பையென்று தள்ளிய 386 ரகக் கணினிப் பெட்டியில் இவற்றில் ஒன்றை ஏற்றினால், அது எழுந்து உட்கார்ந்து பெரிய இயந்திரத்தின் பாஷையைப் பேசும். அதைப் பார்க்கத்தான் ஒவ்வொரு சனிக்கிழமை மத்தியானமும் அவர் வீட்டில் கூடினோம். டத்தோ கிராமாட்டில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்த முரளி வருவான். ஒரு கல்லூரியின் கணினிக் கூடத்தைப் பார்த்துக்கொண்ட ஆ செங் வருவான். இணையம் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது அவன் ஒருவனுக்குத்தான். பிஸ்கட் டின்னில் ஐம்பது அறுபது ஃப்ளாப்பிகளை அடுக்கிக் கொண்டுவருவான். தமிழ், மலாய், இங்கிலீஷ் எல்லாம் கலந்துதான் பேச்சு நடக்கும்.

அவரிடம் திறமை இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யன். ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தில் கட்டம் கட்டமாக எழுதிவைத்திருப்பார். பெட்டியைப் போட்டால் எத்தனை நொடியில் எழுந்திருக்கிறது, நாலு மெகாபைட் நினைவகத்தில் மிச்சம் எவ்வளவு, தன் கருவான கெர்னலைத் தானே மறுபடி தொகுக்க எத்தனை மணி நேரம், இரண்டு பெட்டிகளை ஒயரில் கோத்தால் கோப்பு எவ்வளவு வேகமாகப் போகிறது. ஒரே பெட்டியில் மூன்றையும் மாற்றி மாற்றி ஏற்றி, ஒவ்வொன்றையும் மூன்று முறை அளப்பார். தனக்குப் பிடித்தது தோற்றாலும் தோற்றதாகத்தான் எழுதுவார்.

மினிக்ஸ் சிறிய வீடு, ஆனால் கூட்டிப் பெருக்கி வைத்திருக்கிறான் என்பார். பிஎஸ்டி அரசாங்க குவார்ட்டர்ஸ் மாதிரி, எல்லாம் அதது இடத்தில் இருக்கும். லினக்ஸைக் கல்யாண வீட்டுச் சமையல் என்பார். ஆளுக்கொரு பக்கம் கிண்டுகிறான், ஆனால் சாப்பாடு நேரத்துக்கு வந்துவிடுகிறது. ஆ செங்கும் நானும் பிஎஸ்டி கட்சி. அதன் வலைப் பின்னல் வேகத்தைக் காட்டி வாதாடுவோம். அவர் சிரித்துக்கொண்டே கேட்பார். கடைசியில் எப்போதும் லினக்ஸ் பக்கம் போய்விடுவார். காரணம் கேட்டால் நோட்டில் கடைசிக் கட்டத்தைத் தட்டுவார். அதன் தலைப்பில் 'பழசு' என்று ஒரே வார்த்தை. அதில் எண் இருக்காது, டிக் குறி மட்டும் இருக்கும். லினக்ஸுக்கு எதிரே இரண்டு டிக். பழைய பெட்டிகளில் எவ்வளவு நன்றாக ஓடுகிறது என்பதற்கான மதிப்பெண் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த அறையின் வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. இரும்புக் கடையிலிருந்து வரும் பெட்டிகளுக்குள் கரப்பான் முட்டைக் கூடுகள் ஒட்டியிருக்கும். மின்விசிறிக்குப் பின்னால் பல்லி முட்டை ஓடுகளும், சில சமயம் காய்ந்துபோன பல்லியும் கிடக்கும். அவர் பிரஷ் எடுக்க மாட்டார். விரலை விட்டு வழித்தெடுப்பார். வாயால் ஊதுவார், தூசி எங்கள் முகத்தில் வந்து விழும். கீபோர்டின் அழுக்கை எச்சில் தொட்ட கைக்குட்டையால் துடைப்பார். பிறகு அதே விரலோடு முறுக்குத் தட்டுக்கு வருவார். முரளி ஒருநாள் வேடிக்கையாக, கையைக் கழுவிட்டு வாங்கண்ணே என்றான். அவர் கோபப்படவில்லை. ஒரு பெட்டி எங்கே இருந்து வந்தது, யார் உட்கார்ந்து தட்டினார்கள் என்பது அதன் அழுக்கில்தான் தெரியும் என்றார். நாங்கள் அதை ஏதோ பெரிய பேச்சு என்று தலையாட்டினோம்.

கண்ணில் பட்ட எழுத்தை எல்லாம் அவர் படிப்பார். யாருடையது என்று பார்ப்பதில்லை. ஒருமுறை பட்டர்வொர்த்தில் ஒரு மானிட்டர் எடுப்பதற்காக இருவரும் ஃபெரியில் போனோம். கம்பியோரம் ஒரு பையன் நின்று கடிதம் படித்துக்கொண்டிருந்தான். அவர் என்னிடம் பேசிக்கொண்டே நகர்ந்து நகர்ந்து அவனுடைய தோளுக்குப் பின்னால் போய் நின்றார். அப்புறம் பேச்சு நின்றுவிட்டது. பையன் பக்கத்தைத் திருப்பினபோது அவருடைய விரலும் நாக்குக்குப் போய் வந்தது. அக்கரையில் இறங்கியதும் சொன்னார், அவன் தங்கைக்கு வயிற்றில் ஆபரேஷனாம், உடனே வரச் சொல்லி அம்மா எழுதியிருக்கிறாளாம், கடிதம் வந்து நாலு நாள் ஆகிவிட்டதாம். பாவம் என்றும் சொன்னார். அதைச் சொன்ன முகத்தில் வயிறாரச் சாப்பிட்டு எழுந்தவனுடைய திருப்தி இருந்தது. நான் அவரைவிட்டு இரண்டடி தள்ளி நடந்தேன். ஆனால் அடுத்த சனிக்கிழமையும் போனேன்.

அவருடைய மனைவி ஒரு பாலர் பள்ளியில் வேலை பார்த்தார். மெலிந்த, அதிகம் பேசாத அக்கா. எங்களுக்குத் தேநீர் கலந்து தருவார், வடை சுட்டுத் தருவார், பின்னறைக்குள் மட்டும் வர மாட்டார். வீட்டுக்குள்ளேயே எந்நேரமும் தோளில் கைப்பை மாட்டியிருப்பார். வெளியே கிளம்பப் போகிறார் என்றுதான் முதல் இரண்டு மூன்று வாரங்கள் நினைத்தேன். அடுப்படியில் வடை தட்டும்போதும் அந்தப் பை தோளில் கிடந்தது. ஒருநாள் கீழே தபால் பெட்டியில் ஏதோ நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து எடுத்துவந்து அந்த அக்காவிடம் கொடுத்தேன். அவர் கையே நீட்டவில்லை.

"அண்ணன்கிட்ட குடுங்க தம்பி. எனக்கு வர்றதெல்லாம் ஸ்கூல் அட்ரஸுக்குத்தான் வரும்."

சாதாரணமாகத்தான் சொன்னார், மிலோவைக் கலக்கிக்கொண்டே. என் பின்னால் வந்து நின்ற அவருடைய கணவர் அதைக் கேட்டுச் சிரித்தார். "பூட்டாம போட்டா யாரும் பாக்கத்தான் செய்வாங்க, என்னா?" என்றார். அதை அவர் அடிக்கடி சொல்வார். பூட்டாதவன் மேல்தான் தப்பு என்பது அவருடைய கட்சி.

கடைசிக் கட்டத்தின் அர்த்தம் எங்களுக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தது. ஆலைகள் பெட்டியைத் தூக்கிப்போடும்போது அதன் டிஸ்கில் இருந்ததைச் சரியாகத் துடைப்பதில்லை. டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் கோப்புகள் அப்படியே கிடக்கும். எங்களுக்கு அவை இடத்தை அடைக்கும் குப்பை. அவருக்கு அதுதான் சாப்பாடு. புதிய தளத்தை ஒரு மூலையில் ஏற்றிவிட்டு, பழைய கோப்புகளை அதன் வழியே திறந்து பார்ப்பார். மினிக்ஸில் ஒவ்வொன்றாகக் கேட்டு எடுக்க வேண்டும், சலிப்பு என்றார். பிஎஸ்டி இந்த வேலைக்குக் கூச்சப்படுகிறது என்றார். லினக்ஸில் பழைய டிஸ்க் முழுவதும் ஒரு அலமாரி திறந்ததுபோல் வந்து நிற்கும். அழித்த கோப்பைக்கூட விட மாட்டார். டாஸில் ஒரு கோப்பை அழித்தால் பெயரின் முதல் எழுத்து மட்டும்தான் போகும், மேலே வேறொன்று எழுதும்வரை உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். அந்த ஒற்றை எழுத்தை ஊகித்துப் போடுவதில் அவருக்கு அப்படியொரு ஆனந்தம். பழசு என்று அவர் எழுதி வைத்திருந்தது இதைத்தான். மணிக்கணக்காக அளந்த மற்ற எல்லாக் கட்டங்களும் அந்த டிக்குகளுக்கு முன்னால் அவருக்கு ஒன்றுமில்லை.

முதலில் படித்துக் காட்டியதெல்லாம் சில்லறை விஷயங்கள். ஒரு கேன்டீனின் வாரச் சாப்பாட்டுப் பட்டியல். ஒரு மேலாளர் ஏழு தடவை திருத்தித் திருத்தி எழுதி, கடைசிவரை கொடுக்காமலே விட்ட ராஜினாமாக் கடிதம். கணக்குப் பிரிவில் இருந்த யாரோ ஒருவன் வேலை நேரத்தில் எழுதிய காதல் கடிதங்கள். அவர் குரலை மாற்றிப் படிப்பார். நாங்கள் சிரித்தோம். பழக்கமாகிவிட்டது. பிஎஸ்டி ஏற்ற வேண்டுமென்று பிடிவாதம் பிடித்துக்கொண்டிருந்த ஆ செங்கூட, பெட்டி வந்தவுடனே உள்ளே என்ன இருக்கு பாருங்க என்று கேட்க ஆரம்பித்தான். நானும் கேட்டேன்.

அந்தச் சனிக்கிழமை வந்த பெட்டி ஓர் ஆலையின் ஊழியர் பிரிவு அலுவலகத்திலிருந்து கழித்தது. எந்த ஆலை என்று பெட்டியின் முதுகில் ஒட்டியிருந்த தகட்டில் இருந்தது. நான் பார்க்கவில்லை. அவர் லினக்ஸை எழுப்பி, அழித்த கோப்புகளின் பெயர்களை வரிசையாகத் திரையில் ஓடவிட்டார். ஓரிடத்தில் விரலால் தொட்டு நிறுத்தினார். முதல் எழுத்து இல்லாமல், 'உராட்' என்று வாசிக்கும்படி நாலு எழுத்து நின்றது. முன்னால் ஒரு எஸ் போட்டார். சுராட், அதாவது மலாயில் கடிதம்.

இரண்டு பக்கம், மலாயில். ஆலை மேலாளருக்குப் பதினோரு பெண்கள் எழுதியது. கையால் எழுதியதை அலுவலகத்தில் இருந்த யாரோ இரக்கப்பட்டுத் தட்டித் தந்திருக்க வேண்டும். அவர்கள் வரிசையின் சூப்பர்வைசரைப் பற்றிய புகார். மேலே பொதுவாக நாலு வரி, பிறகு ஒவ்வொருத்தியும் தன் பெயரைப் போட்டுத் தனக்கு நடந்ததைச் சொல்லியிருந்தாள்.

அவர் நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பி, மானிட்டரையும் திருப்பிவைத்துக்கொண்டு படித்தார். முதல் பெண் பாத்திமா. கழிப்பறைக்குப் போக வேண்டுமானால் காரணத்தை எல்லார் முன்னாலும் சொல்லச் சொல்கிறார், அதைப் போர்டில் எழுதியும் வைக்கிறார் என்று எழுதியிருந்தாள். அண்ணன் அதைப் பெண் குரலில், தொடைகளை இடுக்கிக்கொண்டு படித்தார். நாங்கள் சிரித்தோம். இரண்டாவது பெண் ராணி. மைக்ராஸ்கோப்பில் இரண்டு கண்ணையும் வைத்திருக்கும்போது பின்னால் யார் வந்து நிற்கிறார்கள் என்று தெரிவதில்லை, கழுத்தில் மூச்சு மட்டும் படுகிறது, கையை எடுத்தால் சிப்பில் பொருத்தும் மெல்லிய கம்பி அறுந்துவிடும், அதனால் அசையவும் முடிவதில்லை என்று எழுதியிருந்தாள். அவர் எழுந்து முரளியின் பின்னால் போய் அவன் கழுத்தில் ஊதிக் காட்டினார். முரளி துள்ளினான். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

மூன்றாவதாக அவர் படித்த பெயர் என் அக்காவினுடையது. அதை ஒட்டி எங்கள் அப்பாவின் பெயர்.

சாந்தி அக்கா எனக்கு மூன்று வயது மூத்தவள். அந்த ஆலையில் ஆறு வருடம் வேலை செய்தாள். நான் கேட்டுக்கொண்டிருந்த நாளுக்கு ஒரு வருடம் முன்புதான் வேறு ஆலைக்கு மாறியிருந்தாள். புது இடம் வீட்டுக்குப் பக்கம், அதனால் மாறுகிறேன் என்று சொல்லியிருந்தாள். புது இடம் ஒன்றும் பக்கம் இல்லை. நாங்கள் யாரும் அதைக் கேட்கவில்லை.

அவள் எழுதியிருந்தது மூன்றே வரி. வேலை முடிந்து வெளியே போகும்போது, திருட்டைத் தடுக்க என்று சட்டைப் பைகளை சூப்பர்வைசர் தன் கையாலேயே சோதிக்கிறார். அதனால் பைகளைத் தைத்து மூடிவிட்டேன். இப்போது, பையை மூடிவிட்டு வேறு எங்கே ஒளித்துவைத்திருக்கிறாய் என்று கேட்டுச் சோதிக்கிறார்.

"இது நல்லாருக்கு லா. பாக்கெட்ட தைச்சிட்டாளாம்" என்றார் அவர். இன்னொரு தடவை படித்தார்.

அக்கா சீருடையின் பைகளைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாள் எனக்கு நினைவு வந்தது. ஒரு விடுமுறை நாள், ஹாலில் தரையில் உட்கார்ந்து, நாலு சட்டைகளையும் மடியில் போட்டுக்கொண்டு. பஸ் பாஸை எங்கே வைப்பாய் என்று அம்மா சத்தம் போட்டார். தூசி சேருது என்றாள். தூசி வரக்கூடாத அறையில்தான் அவளுக்கு வேலை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது என் அக்கா என்று அப்போதே சொல்லியிருக்கலாம். எழுந்து போயிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. மீதி எட்டுப் பெண்கள் எழுதியதையும் உட்கார்ந்து கேட்டேன். சிரிப்பு மட்டும் நின்றுவிட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை. பிறகு தேநீர் வந்தது. அந்தத் தேநீரையும் குடித்தேன்.

அந்த வாரம் முழுவதும் வீட்டில் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே போனேன். அண்ணனின் மனைவிதான் கதவைத் திறந்தார். அண்ணன் குவே பலகாரம் வாங்கக் கீழே போயிருக்கிறார் என்றார். நான் நேராகப் பின்னறைக்குப் போய், அந்தப் பெட்டியை எழுப்பி, டிஸ்க் முழுவதும் வெறும் சுழியங்களை எழுதும் கட்டளையைக் கொடுத்தேன். சின்ன டிஸ்க்தான், ஆனாலும் பழசு. முடிய நேரம் எடுக்கும். பெட்டியின் டிஸ்க் விளக்கு விடாமல் எரிந்துகொண்டிருந்தது.

திரும்பினால் அந்த அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தார், தோளில் பையோடு. அந்த அறையின் நிலைவரைக்கும் அவர் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"எல்லாம் போயிடுமா?" என்று கேட்டார்.

"போயிடும் அக்கா."

"அவரால திரும்ப எடுக்க முடியாதா?"

"முடியாது."

 அந்த அக்கா வீட்டு வாசலுக்குப் போய் இரும்புக் கிரில்லை இழுத்துச் சாத்திப் பூட்டினார். சற்று நேரத்தில் அண்ணன் வந்து கிரில்லைத் தட்டினார். சாவி எங்கேயோ வைத்துவிட்டேன், இருங்கள் என்று அந்த அக்கா உள்ளிருந்தே சொன்னார். அந்தச் சாவியை அந்த அக்கா தேடிய அழகை நான் மறக்க மாட்டேன். மேசை, அலமாரி, அரிசி டின் என்று ஒவ்வொன்றாகத் திறந்து மூடினார். சாவி அவர் கையிலேயே இருந்தது. விளக்கு அணைந்தபிறகுதான் போய்த் திறந்தார்.

அண்ணன் உள்ளே வந்து திரையைப் பார்த்தார். டிஸ்க் கெட்டுப்போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தார். நான்தான் அழித்தேன் என்றேன். ஏன் என்று கேட்டார். அந்தக் கடிதத்தில் மூன்றாவது பெயர் எங்கள் அக்கா என்றேன்.

அவர் முகம் இளகியது. உண்மையிலேயே வருத்தப்பட்டார், அதை நான் மறுக்க முடியாது. என் தோளில் கை வைத்தார்.

"மொதல்லயே சொல்றதில்லையா தம்பி. சொல்லியிருந்தா அந்தப் பேர மட்டும் விட்டுட்டுப் படிச்சிருப்பேனே."

அதைவிட அருவருப்பான வாக்கியத்தை என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை. இத்தனைக்கும் அதில் கேலி துளியும் இல்லை. மனம் நொந்துதான் சொன்னார். மற்ற பத்துப் பேரை அந்த வாக்கியத்துக்குள் அவரால் பார்க்கவே முடியவில்லை.

பிறகு அலமாரியிலிருந்து ஒரு ஃப்ளாப்பியை எடுத்தார். அழித்தது பரவாயில்லை, காப்பி எடுத்து வைத்திருக்கிறேன், குடும்ப விஷயம், நீயே வைத்துக்கொள் என்றார். விரலை நாக்கில் தொட்டு, உறையைப் பிரித்து, சரியான ஃப்ளாப்பிதானா என்று பெயரைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, பெரிய உதவி செய்கிறவர்போல் என் கையில் வைத்தார். உறையில் ஈரம் இருந்தது. கீழே வந்து அதை மிதித்து உடைத்துச் சாக்கடையில் போட்டேன். வேறு காப்பி இருந்ததா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

அதன்பிறகு அங்கே போகவில்லை. முரளியும் ஆ செங்கும் தொடர்ந்து போனார்கள். நான் ஏன் வருவதில்லை என்று அவர்கள் கேட்டபோது ஓவர்டைம் என்றேன். கடிதம், பெட்டி, அழித்தது எதையும் வீட்டில் சொல்லவில்லை. சொல்லாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவும் நானும் மார்க்கெட்டுக்குப் போயிருந்தோம். மீன் கடையில் அவர் நின்றுகொண்டிருந்தார். வாங்கிய மீனைச் சுற்றிக் கொடுத்த பழைய பத்திரிகைத் துண்டைத் தலையைச் சாய்த்துப் படித்துக்கொண்டிருந்தார். கையிலிருந்து மீன் தண்ணீர் சொட்டியது. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது. என் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தார். பார்த்தவுடனே யார் என்று தெரிந்துகொண்டார்.

"அக்காதானே?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அவளிடமே பேசிவிட்டார். "இப்ப வேல எடம் பரவால்லையாமா? அந்த ஆளு தொந்தரவெல்லாம் இல்லயே? நீங்க எழுதினதுதான் லா அதுல எல்லாத்துலயும் நல்லா இருந்துச்சு. சுருக்கமா."

பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னார். பல நாள் பழகியவர்போல் தலையை ஆட்டினார். அவருடைய பார்வை ஒரு நொடி அவளுடைய சட்டைப் பக்கம் இறங்கி ஏறியதை நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பின்னாலிருந்து, புது பிஎஸ்டி வந்திருக்கு, வந்து பாரு தம்பி என்று கூப்பிட்டார்.

பஸ் நிறுத்தம்வரை அக்கா எனக்கு முன்னால் நடந்தாள். காய்கறிப் பையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு, யார் அந்த ஆள், அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். இனி மறைக்க வழியில்லை. இரும்புக் கடையிலிருந்து பெட்டி வந்ததிலிருந்து ஃப்ளாப்பியை உடைத்ததுவரை வரிசையாகச் சொன்னேன். சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தக் கடுதாசி இன்னும் இருந்துச்சா?"

"அழிச்சிருந்தாங்க. அவரு வெளிய எடுத்துட்டாரு."

"கடைசி வரைக்கும் படிச்சாரா?"

படித்தார் என்றேன். அவள் சிரித்ததுபோல் இருந்தது.

"எங்க மேனேஜர் மொத பக்கத்தோட மடிச்சி வெச்சிட்டாரு. நாங்க பதினோரு பேரும் முன்னாலதான் நின்னோம்."

ஒரு பஸ் வந்து நின்று போனது. அது எங்களுடையது இல்லை.

"படிக்கறப்ப நீயும் சிரிச்சியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள்.

"உன் பேரு வர்ற வரைக்கும்" என்றேன்.

அவள் அதற்குக் கோபப்படவில்லை. தலையை மட்டும் மெதுவாக ஆட்டினாள், ஏதோ கணக்குச் சரியாக வந்ததுபோல.

"எனக்கு முன்னால பாத்திமா. அப்பறம் ராணி" என்றாள். "ராணிக்கு அப்ப பதினெட்டு வயசு."

எங்கள் பஸ் வந்தது. பையை நான் தூக்கப் போனேன், அவளே எடுத்துக்கொண்டாள். முன்னால் ஏறிப் போய், யாரோ ஒரு சீனப் பாட்டியின் பக்கத்தில் ஓர் இடம் மட்டும் காலியாக இருந்த இருக்கையாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.